சாமி கை

மாமா,

இன்று விடியற்காலை என் வலது உள்ளங்கையில் மறுபடியும் அந்தக் கருப்பு வளையம் விழுந்தது. காபி டம்ளரின் அடியை மையில் தொட்டு அழுத்தினால் எப்படி விழும், அப்படி. சோப்புப் போட்டேன். புளி போட்டுத் தேய்த்தேன். வளையம் போய்விட்டது. பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த அந்த வாசனை மட்டும் போகவில்லை. பூஜைக்குத் துளசி கிள்ளும்போது துளசியையும் மீறிக்கொண்டு அதுதான் வந்தது. உங்கள் வாசனை.

செத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நானும் வெளியே சொன்னதில்லை. அமாவாசைக்கு உங்களுக்கும் சேர்த்துத்தான் இலை போடுகிறோம். காக்கைக்கு வைக்கும் சோற்றில் உங்களுக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலை ஒருமுறைகூட நான் மறந்ததில்லை. அது கடமை. மரியாதை வேறு. அதை நீங்கள் உயிரோடு இருந்தபோதே செலவழித்துத் தீர்த்துவிட்டீர்கள்.

நான் எதையும் எழுதிவைத்துப் பழகியவள். பால் நின்ற நாள், சிலிண்டர் மாற்றிய நாள், மளிகை, மருந்து எல்லாம் காலண்டர் கட்டங்களுக்குள் இருக்கும். உங்கள் விஷயம் மட்டும் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்காமல் கிடந்தது. இன்று எழுதிவிடுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை. உயிரோடு இருந்தாலும் படித்திருக்க மாட்டீர்கள், "இன்னாம்மா இது, பாயின்ட் பாயின்டா எழுதத் தெரியாதா?" என்று திருப்பிக் கொடுத்திருப்பீர்கள்.

என் கணவருக்கு அண்ணன் என்ற ஒரே தகுதியில் எதிர்வீட்டிலிருந்துகொண்டு எங்கள் வீட்டை ஆண்டவர் நீங்கள். கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தீர்கள். ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும் அந்த நீலக் கயிறு உங்கள் கழுத்திலேயே தொங்கியது. அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், கயிற்றைக் கேட்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அட்டை இருந்த இடத்தில் பீரோ சாவியை மாட்டிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் முழுக்க நடந்தீர்கள். டீக்கடையில் பால் பொங்கி வழிந்தால், "ரூட் காஸ் இன்னான்னு பாருப்பா" என்பீர்கள். ரேஷன் கடையில் வரிசை நகராவிட்டால், "லைன் ஸ்டாப்" என்று உரக்கச் சொல்வீர்கள். ஜனங்கள் சிரித்தார்கள். உங்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

எங்கள் பாப்பா வேலைக்குச் சேர்ந்த வருஷத்து ஆயுத பூஜையன்றுதான் உங்கள் பழைய ஸ்கூட்டரை எங்களுக்குக் கொடுத்தீர்கள். முட்டிவலி வந்து உங்களால் ஓட்ட முடியவில்லை. வாசலில் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்த வண்டி. கொடுத்ததோ மகாராஜா யானையைக் கொடுத்த மாதிரி. தெருவில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, "என் தம்பி பொண்ணு வேலைக்குப் போவோணும், நான் நடந்தா இன்னா?" என்றீர்கள். ஓட்ட முடியாத வண்டியைக் கொடுப்பது என்ன தியாகம்?

எங்களுக்கு அப்போது வண்டி தேவைதான். பாப்பா டிப்ளமோ முடித்து, ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ட்ரெய்னியாகச் சேர்ந்திருந்தாள். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் கூட்ரோட்டோடு நின்று போய்விடும், ஊருக்குள் வராது. அங்கே போக இருட்டில் ஏரிக்கரையைத் தாண்ட வேண்டும். அவள் அப்பாவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் ராத்திரிக் காவல், விடிந்துதான் வருவார். அதனால் நான்தான் வண்டி பழகினேன். நாற்பதைத் தாண்டிய வயதில், புடவையைச் செருகிக்கொண்டு, ஏரி மைதானத்தில் எருமைகளுக்கு நடுவே பழகினேன். அதற்கும் நீங்கள் வந்து நின்று, "கிளட்சே இல்லாத வண்டிக்கு இவ்ளோ நேரமா?" என்று கேட்டீர்கள்.

ஆயுத பூஜையன்று வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி நீங்களே 'சர்வீஸ்' செய்தீர்கள். பக்கவாட்டு மூடியைக் கழற்றி என்னவெல்லாமோ நோண்டினீர்கள். கொலுவுக்குச் சீரியல் லைட் கட்ட நான் வாங்கி வைத்திருந்த பச்சை டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். சுற்றி முடித்ததும் டேப்பின் கடைசி முனையை நகக்கண் அளவு மடித்துவிட்டு எனக்குக் காட்டினீர்கள். "பாத்துக்க. நாளைக்கி அடுத்த ஷிப்ட்காரன் பிரிக்கணும்னா நகத்தால நோண்டிக்கினு நிக்கக் கூடாது. அதான் லைன் ஒழுக்கம்." உங்கள் வாயிலிருந்து வந்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். அன்றிலிருந்து நானும் எதில் டேப் ஒட்டினாலும் முனையை மடித்துத்தான் விடுகிறேன். என்ன சுற்றினீர்கள், எதற்குச் சுற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மழைக்காலம் முடியும்வரை வண்டி ஏதோ ஓடியது. கார்த்திகை தீபம் போய்ப் பனி இறங்கியதும் தொல்லை ஆரம்பித்தது. விடியற்காலையில் சுவிட்சை அமுக்கினால் 'கர்ர் கர்ர்' என்று இழுக்கும், பிடிக்காது. பிடித்தாலும் காசநோய்க்காரன் மாதிரி இருமும். முறுக்கினால் செத்துவிடும். ஒருநாள் ஏரிக்கரை நடுவில் செத்தது. பனியில் முன்னே பின்னே தெரியாமல், நானும் பாப்பாவும் தள்ளிக்கொண்டே போனோம். அவள் பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடித்தாள். அதே வண்டி வெயில் ஏறியபின் பூனைக்குட்டி மாதிரி ஓடும். மெக்கானிக் கடை திறப்பதோ வெயில் ஏறிய பிறகு. அவனிடம் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரே அமுக்கில் கிளம்பி என்னைப் பொய்க்காரி ஆக்கும். "நல்லாத்தானேக்கா கீது? நைட்டு வுட்டுட்டுப் போ, காலைல பாக்கறேன்" என்றான் அவன். ராத்திரி விட்டால் காலையில் பாப்பாவை யார் கொண்டுவிடுவது? நீங்களும் விடவில்லை. "ஒரு நைட்டு வுட்டா நாலு பார்ட்ட கழட்டிக்குவான். நான் கீறேன் இல்ல?"

இருந்தீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மார்கழி பிறந்ததும் தினம் நடந்தது அது. கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஆரம்பிக்கும். நான் கோலம் போட்டு முடித்திருப்பேன். வண்டி இழுக்கிற சத்தம் கேட்டதும் உங்கள் வீட்டுக் கதவு திறக்கும். குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், அதன்மேல் அந்த நீலக் கயிறு. "தள்ளு, தள்ளு, லைட்ட மறைக்காத" என்று என்னை நகர்த்துவீர்கள். பாப்பாவை சீட்டில் உட்காரச் சொல்வீர்கள். "முன்னாடி பாத்து உக்காரு. நான் சொல்றப்போ சுவிட்ச அமுக்கு. திரும்பாத, கழுத்து சுளுக்கிக்கும்." பிறகு வண்டிக்குப் பின்னால், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்துவீர்கள். ஏதோ செய்வீர்கள். "ம், அமுக்கு." பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்துவிட்டு, வண்டி சீராக ஓட ஆரம்பித்ததும் எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, வலது கையைத் தூக்கிக் காட்டுவீர்கள்.

"இது கை இல்லம்மா. சாமி கை."

நான் நம்பினேன். அதுதான் எனக்கு ஆறாதது. பெருமாளை நம்புகிற மனசு, பக்கத்தில் நிற்கிற ஆளையும் கொஞ்சம் நம்பித் தொலைக்கிறது. பாப்பாவைக் கொண்டுவிட்டுத் திரும்பியதும் உங்களுக்கு முதல் காபி. விளக்கேற்றிப் பூஜை முடிந்ததும் முதல் தீர்த்தம். கையைக் கழுவாமலே நீட்டுவீர்கள். உள்ளங்கையில் வட்டமாகக் கருப்பு. "கழுவிக்கினு வாங்க மாமா" என்றால், "ஒழைச்ச அழுக்கும்மா இது, பெருமாளு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்பீர்கள். அந்தக் கருப்பு வட்டத்துக்குள்தான் நான் தினம் தீர்த்தம் ஊற்றினேன். ஊற்றிய எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை, அழுக்கு ஏன் இத்தனை அழகாக வட்டம் போடுகிறது என்று.

"என்னதான் மாமா கோளாறு?" என்று கேட்டால் தினம் ஒரு வியாதி சொல்வீர்கள். பேட்டரி வீக். பிளக்கில் கரி. பங்க்கில் பெட்ரோல் கலப்படம். ஏரிப் பனி இஞ்சினில் இறங்குகிறது, ராத்திரி கோணி போட்டு மூடு. மூடினேன். தெருநாய்தான் கதகதப்பாகத் தூங்கியது. பிறகு கிழக்குப் பார்த்து நிறுத்தச் சொன்னீர்கள். அதையும் செய்தேன். என் பங்குக்கு ஹேண்டில்பாரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். அது என் அசட்டுத்தனம். எலுமிச்சம்பழம் என்னிடம் பொய்யாவது சொல்லவில்லை.

உங்கள் சம்சாரம், எங்கள் அக்கா, ஒருநாள் வாசல் தெளித்துக்கொண்டே சொன்னாள்: "ஊரு வண்டியெல்லாம் பாக்கறாரு. எங்க வூட்டு ஃபேன் பங்குனிலேர்ந்து சுத்தல."

"அது வைண்டிங் ப்ராப்ளம்டி. ஒனக்குச் சொன்னா புரியாது."

"ஆமா. எனக்குப் புரிஞ்சா சுத்திடும் பாரு."

அந்தப் புத்திசாலிப் பெண்ணை இத்தனை வருஷம் புரியாதவளாகவே வைத்திருந்தீர்கள். ஒன்றும் தெரியாதவர்கள் சுற்றிலும் இருந்தால்தான் உங்களுக்குத் தெரிந்த ஒன்றரை விஷயத்துக்கு மதிப்பு.

மெக்கானிக் விஷயத்துக்கு வருகிறேன். இதை மட்டும் நான் எந்த ஜன்மத்திலும் மறக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாமல் இன்னொரு தரம் அவன் கடைக்குப் போனேன். உடையவர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. தலையில் பூ, நல்ல புடவை. அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்க்கா, காலைல சோக்கு போடறியா?" என்று கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. சோக்கு என்றால் நம் ஊரில் என்ன? மினுக்கு, பகட்டு. 'சோக்குப் பண்ணிக்கினு சுத்தறா' என்று எந்த மாதிரிப் பெண்ணைச் சொல்வார்கள்? "ஒன் அம்மா வயசாவுது எனக்கு. யாருகிட்ட இன்னா கேக்கற?" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, "பொறுக்கிப் பய. இனிமே அந்தக் கடை பக்கம் போவாத" என்றீர்கள்.

சோக்கு என்றால் வண்டியில் என்ன என்று உங்களுக்குத் தெரியும் மாமா. குளிர்ந்து கிடக்கிற இஞ்சினுக்குக் காற்றைக் குறைத்துப் பெட்ரோலை அதிகம் கொடுக்கிற ஒரு சின்ன ஏற்பாடு. ஹேண்டில்பாரின் இடதுபக்கம் அதற்கென்று ஒரு கருப்பு லீவர் இருக்கிறது. அதைக் காட்டி இது என்ன என்று நான் முன்பே உங்களைக் கேட்டிருந்தேன். "அது சும்மா ஷோவுக்கு வெச்சது. தொடாத" என்றீர்கள். அந்தப் பையன் சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறான். நான் தப்பாக எடுத்துக்கொண்டேன். அது தப்பு என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீங்கள் சிரித்தீர்கள்.

பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. உங்கள் தம்பி உங்களைக் கேட்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான் குற்றம். மறுநாள் காலை வண்டி இழுக்கிறது, இழுக்கிறது, பிடிக்கவில்லை. உங்கள் கதவும் திறக்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. குரங்குக் குல்லாயின் நுனி எனக்குத் தெரிந்தது. பாப்பா போய்க் கதவைத் தட்டினாள். "பெரிப்பா, பஸ்ஸுக்கு டைம் ஆவுது, கொஞ்சம் வாயேன்."

அக்காதான் வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு, "அவரு தூங்கறாரும்மா" என்றாள். உள்ளே நீங்கள் இருமினீர்கள்.

பாப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். கூட்ரோட்டுக்குப் போனபோது பஸ்ஸின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்துப் போனவளை, ஷிப்ட் ஆரம்பித்துவிட்டது என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே ஒருநாள் தாமதம் அவள் பேரில் இருந்தது. இன்னொரு தரம் இப்படி ஆனால் வர வேண்டாம், வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள் என்று சொன்னார்களாம். வந்தவள் அழவில்லை. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "நாளைக்கும் வண்டி கெளம்பலன்னா இத குரியர்ல அனுப்பிட வேண்டியதுதான்மா" என்றாள்.

அதற்குப் பிறகு நீங்கள் வந்தீர்கள், தீர்த்தத்துக்கு. "இன்னா, வண்டி மக்கர் பண்ணுச்சாமே? ஒரு கொரல் குடுத்திருக்கலாமே. ஆளுங்கள மதிக்கணும்மா, அப்பத்தான் மிஷினும் மதிக்கும்." சொல்லிக்கொண்டே கையை நீட்டினீர்கள். நான் உத்தரணிக் கரண்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றேன். உங்கள் உள்ளங்கை சுத்தமாக இருந்தது. வண்டி கிளம்பிய ஒவ்வொரு நாளும் அங்கே வளையம் இருந்தது. வண்டி கிளம்பாத அன்று இல்லை.

தீர்த்தத்தை ஊற்றினேன்.

மத்தியானம் பாப்பாவின் போனை வாங்கி, குளிரில் வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்று தேடினேன். யாரோ ஒரு பையன் தன் கடையில் நின்றுகொண்டு பொறுமையாகச் சொன்னான். மூன்றாவது வாக்கியத்தில் 'சோக்கு' வந்தது. எனக்கு முகம் சுட்டது. வாசலுக்குப் போய் அந்தக் கருப்பு லீவரை இழுத்துப் பார்த்தேன். விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. அதன் மறுமுனை எதோடும் மாட்டியிருக்கவில்லை என்று கைக்கே தெரிந்தது. இதை இனிமேல் கொண்டுபோய்ச் சரிபண்ணி, அது காலையில் கிளம்புமா என்று பார்க்க மறுநாள் விடிய வேண்டும். விடிந்து அது கிளம்பாவிட்டால் பாப்பாவின் வேலை போய்விடும்.

மறுநாள் இருட்டோடு எழுந்து கொல்லையில் வெந்நீர் அடுப்பு பற்ற வைத்தேன். பனிக்காற்று. தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. வழக்கம்போல உள்ளங்கையை அணைவாக வைத்துக் காற்றை மறைத்தேன். சுள்ளி பிடித்துக்கொண்டது. பிடித்ததும் கையை எடுத்தேன். இனி அதற்குக் காற்று வேண்டும். எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை! கையைப் பார்த்தேன். உங்கள் கை ஞாபகம் வந்தது.

வாசலுக்கு ஓடி வண்டியின் பின்னால், நீங்கள் குந்துகிற அதே இடத்தில் குந்தினேன். கையை விட்டுத் துழாவினேன். காற்று உள்ளே போகிற ரப்பர் வாய் ஒன்று தட்டுப்பட்டது. வட்டமாக. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். எனக்கென்றே அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"பாப்பா, சுவிட்ச அமுக்கு."

"பெரிப்பா வரட்டும்மா."

"அமுக்குடீ!"

பிடித்தது மாமா. கைக்குள் அது மூச்சை இழுத்ததை உணர்ந்தேன். முழுக்க மூடியே வைத்திருந்தால் திணறிச் செத்துவிடும். மெல்ல மெல்ல விரலைத் தளர்த்த வேண்டும் என்று அதுவே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. எதிர் ஜன்னலில் குல்லாய் அசைந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாப்பா பஸ்ஸைப் பிடித்தாள்.

அன்று நான் கையைக் கழுவவில்லை. மடி ஆசாரம் பார்க்கிறவள், கருப்புக் கையோடு பூஜை செய்தேன். பெருமாள் என்னை மன்னித்திருப்பார். உங்களை மன்னிப்பதைவிட அது அவருக்குச் சுலபமான வேலை. நீங்கள் வந்து கையை நீட்டினீர்கள். நான் உத்தரணியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையை உங்கள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

பார்த்தீர்கள். தொண்டையைச் செருமினீர்கள்.

"இன்னா, கெளம்பிடுச்சா?"

"கெளம்பிடுச்சு மாமா. சாமி கை."

தீர்த்தம் வாங்காமல் போய்விட்டீர்கள்.

பஸ் பயம் தீர்ந்தது. இனி தினம் கை வைத்துக் கிளப்பலாம். நிம்மதியாக அன்று மத்தியானமே மெக்கானிக்கிடம் போனேன். "வாக்கா, கோவம் தணிஞ்சுதா? நான் இன்னா தப்பா கேட்டேன்னு ஒரு வாரம் தூங்கல" என்றான். விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். சோக்கு கேபிளின் முனை கழற்றப்பட்டு, ஒரு கம்பியோடு சேர்த்து ஒதுக்குப்புறமாகக் கட்டப்பட்டிருந்தது. பச்சை டேப். என் கொலு சீரியல் லைட்டின் பச்சை.

"அறுந்து போவலக்கா. தெரிஞ்ச ஆளுதான் கழட்டி வெச்சுகீறான்" என்றான் அவன். "முனைய பாரேன், பிரிக்கச் சுலபமா மடிச்சு வுட்டுகீறான். சோக்கா பண்ணிகீறான்!"

நான் அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டிவலிக்கு முன்னால் நீங்கள் ஓட்டியபோது சோக்கு இருந்தது. எங்களுக்குத் தானம் செய்த அன்று, எங்கள் வாசலில், என் டேப்பைக் கொண்டு அதைக் கழற்றிக் கட்டியிருக்கிறீர்கள். பனி வரும், வண்டி நிற்கும், உங்களைக் கூப்பிடுவோம். இதற்கு ஒரு சிஸ்டம். இதற்கு ஒரு லைன் ஒழுக்கம். களவு செய்தவன் அடுத்த ஷிப்ட்காரனுக்கு வசதியாக முனையை மடித்துவிட்டுப் போயிருக்கிறான். அடுத்த ஷிப்ட் நான்.

வீட்டில் நான் சொல்லவில்லை. பாப்பாவிடம் சொல்லவில்லை, உங்கள் தம்பியிடமும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சொன்னால் ஒரு பஞ்சாயத்து வரும். நடுவில் நாற்காலி போட்டு உங்களை உட்கார வைக்க வேண்டியிருக்கும். அந்த நாற்காலியைக்கூட உங்களுக்குத் தர எனக்கு மனசில்லை. பொங்கலன்று, மெக்கானிக் மாட்டிக் கொடுத்த லீவரை இழுத்து ஒரே அமுக்கில் வண்டியைக் கிளப்பி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் உங்கள் வாசலுக்கு எதிரில் ஓடவிட்டேன். அதோடு சரி. நீங்களோ டீக்கடையில், "நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன், இப்போ பட்டனத் தொட்டா கெளம்புது" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

போன ஆடியில், மத்தியானச் சோறு சாப்பிட்டுப் படுத்தவர் எழவில்லை. கிடத்தியிருந்த இடத்தில், "மனுஷன் கை வெச்சா எந்த வண்டியும் பேசும்" என்று நாலு பேர் சொன்னார்கள். நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் நீலக் கயிற்றை யாரோ கழற்றிச் சாவியை மட்டும் அக்காவிடம் கொடுத்தார்கள்.

காரியம் முடிந்த பிறகு அக்கா சொன்னாள்: "அந்த மார்கழிலதான்டி இந்த மனுஷன் சிரிச்ச மொகத்தோட எழுந்துகினாரு. அப்புறம்கூட, ஒன் வண்டிச் சத்தம் கேட்டா ஜன்னலாண்ட போய் நிப்பாரு. 'ஸ்டார்ட் ஆயிடுச்சி'ன்னுட்டு வந்து திரும்பப் படுத்துக்குவாரு."

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். கோபம்தான் வந்தது. 'காலைல தூக்கம் வரலம்மா, ஒரு காபி குடு' என்று வந்து நின்றிருந்தால் போட்டுக் கொடுத்திருக்க மாட்டேனா? வாசலில் நாற்காலி போட்டு, கோலத்துக்கு வண்ணம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்க மாட்டேனா? கேட்க வாய் வரவில்லை உங்களுக்கு. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, அதைத் தினம் மாட்டிக் கொடுத்துக் காபி குடித்தீர்கள். அற்பம் மாமா. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன்.

மாடி அறையில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடியிருக்கிறாள். போன மாசம்தான் வந்தாள். ஒரு கம்பெனியில் ட்ரெய்னி. கைமாறிக் கைமாறி வந்த ஒரு கிழட்டு ஸ்கூட்டர் வைத்திருக்கிறாள். சோக்கு லீவரே உடைந்துபோன வண்டி. இன்று நல்ல பனி. கீழே 'கர்ர் கர்ர்' என்று சத்தம். கோலப்பொடியோடு வாசலுக்குப் போனேன். "அக்கா, வண்டி கெளம்பவே மாட்டேங்குதுக்கா. பஸ்சு போயிரும், என்னைய வெளிய அனுப்பிருவாய்ங்க" என்று கண்ணெல்லாம் தண்ணீர்.

"முன்னாடி பாத்து உக்காரு" என்றேன். "நான் சொல்றப்போ சுவிட்ச அமுக்கு."

சொன்னது என் வாய்தான். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினேன். கையை வைத்தேன். "ம், அமுக்கு." பிடித்துக்கொண்டது. அவள் இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கா நீங்க. நாளைக்கும் இப்பிடி ஆச்சுன்னா ஒங்களத்தேன் எழுப்புவேன்."

ஒரு நொடி மாமா. ஒரே ஒரு நொடி, நாக்கில் வெல்லம் வைத்த மாதிரி இருந்தது. நாளைக்கும் கூப்பிடுவாள். நாளன்றைக்கும். பாப்பாவுக்கு இப்போது வேலை நிரந்தரமாகி, அவளே வண்டி வாங்கி, என்னை எழுப்பாமலே போய்விடுகிறாள். இந்த வீட்டில் விடியற்காலையில் என்னை யாரும் தேடுவதில்லை. அந்த ருசி எனக்கும் தெரிந்துபோனது.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தேன். அவள் பதறினாள்.

"அய்யய்யோ, ஏங்க்கா!"

"இப்படி பின்னாடி வா. குனி. கைய வுடு. ரப்பரு மாரி வட்டமா தட்டுதா? அத உள்ளங்கையால மூடு. நான் அமுக்கறேன். பிடிச்சதும் மெல்ல மெல்ல வெரல எடு."

மூடினாள். அமுக்கினேன். இஞ்சின் இன்னும் சூடாகியிருக்கவில்லை. ஒருமுறை இழுத்து, இருமி, பிடித்துக்கொண்டது. அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். கையைத் திருப்பி அந்தக் கருப்பு வளையத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தேனாக்கா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மாமா, முட்டி வலியோடு, பனியில், அத்தனை நாள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தீர்கள். எனக்கு அதைக் கேட்டு ஒன்றும் ஆகிவிடவில்லை. "இவ்ளோதாம்மா, பஸ்சு போயிடும், கெளம்பு" என்றேன். போனாள். நாளைக்கு அவள் என்னைக் கூப்பிடப்போவதில்லை.

கையைக் கழுவிக்கொண்டு வந்து விளக்கேற்றினேன். பாப்பா ஷிப்டுக்குப் போய்விட்டாள், அவள் அப்பா இன்னும் கிடங்கிலிருந்து வரவில்லை. தீர்த்தம் வாங்க ஆளில்லை. என் கையிலேயே ஊற்றிக் குடித்தேன். துளசியோடு சேர்ந்து உங்கள் பெட்ரோல் வாசனையும் உள்ளே போயிற்று.

தீர்த்தத்தைத் துப்பவா முடியும்?